மலைக்குத் தனி எம்.பி. வேண்டுமா, ஓட்டு எண்ணும் முறையே மாற வேண்டுமா?

தேயிலைக்காரன், குன்னூர்:

தொகுதி மறுவரையறை (மக்கள்தொகைப்படி தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைவது) பற்றி எங்கே பார்த்தாலும் பேச்சு. பேசுகிறவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுக்கு 39 மக்களவை இடம் நிலைக்குமா, குறையுமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பெரிய கேள்விதான். ஆனால் மாநிலத்துக்குள்ளே கோடு எங்கே விழப்போகிறது என்பதை மலைக்காரர்கள் இப்போதே பேசாவிட்டால் அப்புறம் பேசிப் பயனில்லை.

நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உதகமண்டலம், குன்னூர், கூடலூர் மூன்றும் மலை. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் சமவெளி. அவை கோவை, திருப்பூர், ஈரோடு என்று மூன்று மாவட்டங்களில் இருக்கின்றன. 2008 மறுவரையறை கொடுத்த வடிவம் இது. மொத்த வாக்காளர் சுமார் 14 லட்சம். மலைத் தொகுதிகள் மூன்றையும் கூட்டினாலும் அதில் பாதி வராது. மலையில் பெரிதாகத் தோற்றவர்கூட, கீழே நன்றாக வாங்கினால் நீலகிரி எம்.பி. ஆகிவிடலாம்.

பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை என்பது அவினாசியில் ஒரு ஓட்டையும் அசைக்காது. கூடலூரில் பிரிவு 17 நிலத்தில் (ஜென்ம நிலச் சட்டத்தில் உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) குடியிருப்பவருக்கு இன்னும் கரண்ட் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பவானிசாகரில் யாருக்கும் அது பிரச்சினை இல்லை. அங்கே அத்திக்கடவு - அவினாசித் தண்ணீர்தான் பேச்சு, அது அவர்களுக்கு நியாயமான பேச்சு. இரண்டையும் ஒரே ஆள் சுமக்க வேண்டும் என்றால், எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அந்தப் பக்கத்தைத்தான் முதலில் சுமப்பார்.

என் கருத்து இதுதான். எல்லைக்கோட்டை நகர்த்துவது மட்டும் போதாது. ஒரு தொகுதிக்கு ஒரே ஆள், மற்றவனைவிட ஒரு ஓட்டு கூட வாங்கினால் முழு இடமும் அவனுக்கு என்கிற கணக்கே மாற வேண்டும். கொங்குப் பகுதியில் நான்கைந்து மக்களவைத் தொகுதிகளைச் சேர்த்து ஒரே பெரிய தொகுதியாக்கலாம். அதிலிருந்து அதே நான்கைந்து பேரை, வாக்காளர் 1, 2, 3 என்று போடுகிற விருப்ப வரிசைப்படி தேர்ந்தெடுக்கலாம். மலையில் இருக்கிற ஐந்தரை லட்சத்துச் சொச்சம் பேரோடு, கீழே இரண்டாம், மூன்றாம் விருப்பம் கொடுப்பவர்களும் சேர்ந்தால் ஒருவரை அனுப்ப வாய்ப்பு உண்டு.

மேட்டுப்பாளையத்தான்:

அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் படித்தால், கீழே இருக்கிற நாங்கள் ஏதோ உங்கள் எம்.பி.யைத் தட்டிப் பறித்த மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நாங்கள் கோவை மாவட்டம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் கோவையில். எம்.பி. தேர்தலுக்கு மட்டும் ஊட்டி. தொகுதியின் பெயரில்கூட நாங்கள் இல்லை. வாழைத் தோட்டத்தில் யானை இறங்கி ஒரே ராத்திரியில் மொத்தத்தையும் சாய்த்துவிட்டுப் போகிறதே, அதை யாரிடம் சொல்வது? நீலகிரி எம்.பி. என்றாலே மலைக்காரர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் மலையில் பெய்கிற மழைதான் எங்கள் பவானி. பில்லூரும் பவானிசாகர் அணையும் அந்தத் தண்ணீரில்தான் நிரம்புகின்றன. மேலே கட்டடம் கட்டிக்கொண்டே போனால் கீழே ஆறு கெடும். மலையையும் அடிவாரத்தையும் ஒரே ஆள் பார்ப்பதில் ஒரு பலனும் இருக்கிறது.

தேயிலைக்காரன், குன்னூர்:

தம்பி, நீங்கள் சொல்வது எனக்கு எதிரான வாதமே இல்லை. உங்கள் வாழைக்கும் என் தேயிலைக்கும் ஒரே ஆளை நம்பச் சொல்வதுதான் இப்போதைய முறை. பெரிய தொகுதியில் நான்கைந்து பேர் இருந்தால், உங்கள் ஊர்க்காரர்களும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாம், நாங்களும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாம். பவானி விஷயத்தில் எல்லாரும் சேர்ந்தே போய்ச் சொல்ல வேண்டும்.

கறுப்பு அங்கி, உதகை:

2014 தேர்தலை யாரும் எடுக்கவில்லையே. உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பால் நோட்டா வந்தது. அதன் பிறகு நடந்த முதல் மக்களவைத் தேர்தல் 2014. அதில் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி நம் நீலகிரிதான். 46,559 ஓட்டு. அதிமுகவும் திமுகவும் முதல் இரண்டு இடம், நோட்டா மூன்றாவது, காங்கிரஸ் அதற்கும் கீழே. பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆகியிருந்தது. அந்தக் கட்சிக்குப் போட வந்தவர்களுக்குப் பட்டனே இல்லை என்பதும் இந்த எண்ணிக்கையில் கலந்திருக்கிறது.

நாற்பத்தாறாயிரம் பேர் வரிசையில் நின்று, மை வைத்துக்கொண்டு, எனக்கு இவர்களில் யாரும் வேண்டாம் என்று அழுத்திவிட்டு வந்தார்கள். அதனால் ஆனது ஒன்றும் இல்லை. சட்டப்படி நோட்டா எல்லாரையும் முந்தினாலும், அதற்கு அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். 2018-ல் மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் வேறு விதி போட்டன: நோட்டா முதலிடம் பிடித்தால் மறுதேர்தல். மக்களவைக்கு அப்படி எதுவும் கிடையாது.

விருப்ப வரிசை இருந்திருந்தால் அந்த நாற்பத்தாறாயிரத்தில் பலர் 2, 3 என்று யாருக்காவது போட்டிருப்பார்கள். தங்கள் முதல் ஆள் களத்தில் இல்லை என்பதற்காக ஓட்டு முழுவதும் வீணாகியிருக்காது.

தேயிலைக்காரன் சொல்வது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். குடியரசுத் தலைவரை நாம் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். மாநிலங்களவை உறுப்பினர்களையும் ஒற்றை மாற்று வாக்கு முறையில்தான் (முதல் விருப்பம் பயன்படாவிட்டால் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும்) எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 234 எம்.எல்.ஏ.க்கள், ஒரு தடவைக்கு ஆறு இடம். 234-ஐ ஏழால் வகுத்தால் 33 சொச்சம் வரும். ஆக 34 ஓட்டு வாங்கியவர் உள்ளே. அந்த '34 ஓட்டுக் கணக்கு' தமிழ்நாட்டில் டீக்கடை வரை தெரியும். அதன் பலனைப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணி சுமார் 47 விழுக்காடு ஓட்டில் 39-க்கு 39 எடுத்தது. அதிமுக 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. 2025-ல் மாநிலங்களவைக்கு ஆறு இடம் வந்தபோது திமுக கூட்டணிக்கு நான்கு, அதிமுகவுக்கு இரண்டு. அதே மாநிலம், அதே கட்சிகள். அங்கே ஓட்டுப் போடுவது எம்.எல்.ஏ.க்கள், எண்ணுகிற முறையும் வேறு.

2014-ல் இதே கதை தலைகீழாக நடந்தது. அதிமுக 44 விழுக்காட்டில் 37 இடம், திமுக 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் பூஜ்யம். எந்தக் கட்சிக்காரரும் இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

நெறியாளர்:

கட்சிப் பெயர்கள் கணக்குக்காக வருவது சரி. எந்தக் கட்சி நல்லது என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போகலாம்.

ஓய்வு வாத்தியார், கோத்தகிரி:

நான் பணியில் இருந்த காலத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் இருந்தவன். முறையை மாற்றலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாவடிக்குள்ளே என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

வனத்தை ஒட்டிய ஒரு சாவடி. விடிவதற்குள் எழுந்து முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு: ஐம்பது ஓட்டாவது போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைக்க வேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கினோம். பனியர் பாடியிலிருந்து வயதான அம்மாள் ஒருவர் பேத்தியோடு வந்தார். கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தார். திரைக்குப் பின்னால் போய் நின்றவர் சத்தமே இல்லாமல் ரொம்ப நேரம் நின்றார். நான் உள்ளே போகக் கூடாது, பேத்தியும் போகக் கூடாது. அப்புறம் 'பீப்' கேட்டது. வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவருக்கு எழுத்து தெரியாது, சின்னம் தெரியும். அந்த அம்மாளிடம் 1, 2, 3 என்று எழுதச் சொன்னால் என்ன செய்வார்? இப்போதிருக்கிற இயந்திரத்தில் ஒருவருக்கு ஒரு பட்டன்தான். விருப்ப வரிசை வேண்டுமென்றால் காகிதத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது இயந்திரத்தையே புதிதாகச் செய்ய வேண்டும்.

அதனால் எனக்குப் பிடித்தது கலப்பு முறை. சட்ட ஆணையம் 1999-ல் தன் 170-ஆவது அறிக்கையில் சொன்னது அதுதான். இப்போதுள்ள தொகுதிகள் அப்படியே இருக்கட்டும். மக்களவை இடங்களைக் கால் பங்கு கூட்டி, அந்தக் கூடுதல் இடங்களை மட்டும் கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதப்படி நிரப்பலாம் என்றார்கள். 2015 அறிக்கையிலும் கலப்பு முறையை மறுபடி எடுத்தார்கள். நேபாளத்தில் 275 பேரில் 165 பேர் தொகுதியிலிருந்து, 110 பேர் விகிதப்படி. தொகுதிக்குப் போட்ட ஓட்டையே கட்சி விகிதத்துக்கும் எண்ணினால், பட்டன் அழுத்துகிற அம்மாளுக்கு எதுவும் மாறாது.

தேயிலைக்காரன், குன்னூர்:

சார், வணக்கம். கலப்பு முறையில் அந்தக் கூடுதல் இடங்களுக்கான பெயர்ப் பட்டியலை யார் எழுதுவார்கள்? கட்சித் தலைமை. மலையிலிருந்து ஒரு பெயர் அதில் வரும் என்று எப்படி நம்புவது? சென்னையில் எழுதுகிற பட்டியலில் கோத்தகிரி எத்தனையாவது வரி?

பந்தலூர் மகள்:

தேயிலைக்காரன் அண்ணா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் இலங்கையில்தான் இருக்கிறார்கள்.

என் தாத்தா பாட்டி 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள். நான் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டில் பிறந்தவள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களுக்கு, அதாவது அங்கே தோட்டங்களில் வேலை செய்த எங்கள் ஆட்களுக்கு, நாடு இல்லாமல் போனது, அடுத்த வருடமே ஓட்டும் போனது. அதனால் எங்கள் வீட்டில் ஓட்டு என்பது சும்மா பேசுகிற விஷயம் இல்லை. தேர்தல் அன்று பாட்டி காலையிலேயே குளித்துப் புதுச் சேலை கட்டிக்கொண்டு நிற்பார்.

பண்டாரவளையில் இருக்கும் சித்தி 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து போனில் சொன்னார். நீளமான ஒரே தாள், பெயரும் சின்னமும் இருக்கும். பிடித்தவருக்கு நேராக 1. வேண்டுமென்றால் இன்னும் இருவருக்கு 2, 3. அந்தத் தடவை முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 விழுக்காடு. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்குப் போட்டவர்களின் தாளை எடுத்து, அடுத்த விருப்பம் யார் என்று பார்த்து எண்ணினார்கள். அந்த நாட்டில் இரண்டாம் எண்ணிக்கை வரை போனது அதுதான் முதல் தடவை. எண்ணி முடித்தபோது முதலில் இருந்தவரே ஜெயித்தார். சித்தி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு 1, 2, 3 ஒரு கஷ்டமாக இல்லை, வாத்தியார் ஐயா. ஒன்று மட்டும் போட்டாலும் ஓட்டு செல்லும். பலர் ஒன்றோடுதான் நிறுத்துகிறார்கள்.

நாடாளுமன்றத்துக்கு வேறு முறை. மாவட்டம்தான் தொகுதி. முதலில் கட்சிக்கு ஓட்டு, அப்புறம் அந்தக் கட்சியின் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. பட்டியலில் யார் மேலே வர வேண்டும் என்பதை ஜனங்களே முடிவு செய்கிறார்கள். பதுளை மாவட்டத்தில் எங்கள் ஆட்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று இருந்தால் அவர்கள் எங்கும் ஜெயிப்பது கஷ்டம். ஆனாலும் பதுளையிலிருந்து தமிழ் எம்.பி.க்கள் போயிருக்கிறார்கள். நீலகிரியில் மலைக்காரர்கள் அதைவிட அதிக பங்கு, ஆனால் இங்கே நம் ஓட்டு மட்டும் போதாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். மாவட்டம் முழுக்கச் சுற்ற வேண்டும் என்பதால் காசு உள்ளவன் கை ஓங்கும். 225-ல் 29 இடம் தேசியப் பட்டியல், கட்சிகளே பெயர் கொடுக்கிற இடங்கள். தோற்றவர்களையே கட்சிகள் அந்த வழியாக உள்ளே கொண்டுவந்த கதைகள் நிறைய. ஆகவே அண்ணா பயப்படுகிற பட்டியல் ஆபத்து உண்மைதான். அதைத் தடுக்க ஒரே வழி, வரிசையை ஜனங்கள் கையில் கொடுப்பது.

மேட்டுப்பாளையத்தான்:

அக்கா எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. இப்போதே மக்களவை வேட்பாளருக்குச் செலவு வரம்பு 95 லட்சம், கட்சி செய்கிற செலவுக்கு வரம்பே இல்லை. தொகுதி ஐந்து மடங்கு பெரிதானால் சாதாரண ஆள் எப்படி நிற்பான்?

கறுப்பு அங்கி, உதகை:

நியாயமான பயம். ஆனால் தம்பி, இப்போது ஜெயிக்க 14 லட்சம் பேரில் மற்ற எல்லாரையும் முந்த வேண்டும். ஐந்து இடமுள்ள தொகுதியில் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு ஒன்று கூட இருந்தால் போதும். அது ஒரே இடத்தில் குவிந்திருக்கலாம். மலை ஓட்டு மட்டும் அந்த அளவை எட்டாது, ஆனால் மலையோடு அடிவாரத்தையும் சுற்றி அடுத்த விருப்பங்களையும் வாங்கினால் ஒருவர் ஜெயிக்க வாய்ப்பு உண்டு. ஐந்து தொகுதிக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை.

பல உறுப்பினர் தொகுதி நமக்குப் புதிதும் இல்லை. 1952, 1957 பொதுத்தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரு பொது இடம், ஒரு தனி இடம், வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1957-ல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி தோற்றார், அங்கே பொது இடத்தையும் பழங்குடி வேட்பாளரே வென்றுவிட்டார். 1961-ல் சட்டம் போட்டு அந்த வகைத் தொகுதிகளையே எடுத்துவிட்டார்கள். அது விருப்ப வரிசை முறை அல்ல, அதனால் சிறுபான்மைக்கு அதில் பாதுகாப்பு குறைவு. அதை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை.

கீழ்மலைக் காப்பி:

நீலகிரிக்காரர்கள் மூன்று எம்.எல்.ஏ. வைத்துக்கொண்டு வருத்தப்படுகிறீர்கள். எங்கள் பழனி மலைக்கு அதுவும் இல்லை. கொடைக்கானல் பழனி சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. பழனி என்றால் கோயில், அடிவாரம், தைப்பூசம், பாதயாத்திரை. அதற்கே ஒரு எம்.எல்.ஏ.வுக்கு நேரம் போதாது. காட்டுமாடு தோட்டத்தில் புகுந்தது, மேல்மலையில் பூண்டுக்கு விலை விழுந்தது, ஊருக்குள் மண் சரிந்து பஸ் நின்றது என்றால் மலையிறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். மனு கொடுக்கப் போனால் அன்றைய கூலி போச்சு. 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஒன்றாகத்தான். கோர்ட்டுக்குத் தெரிகிறது இரண்டு மலைக்கும் ஒரே நோவு என்று.

கொடைக்கானல் வட்டத்தின் ஜனத்தொகை ஒரு தொகுதிக்குப் போதாது, அது எனக்கும் தெரியும். பெரிய தொகுதி யோசனையில் எங்களுக்கு என்ன கிடைக்கும்? திண்டுக்கல், தேனி, மதுரை என்று சேர்த்தால் நாங்கள் இன்னும் கரைந்துதானே போவோம்?

கறுப்பு அங்கி, உதகை:

உண்மை. விகிதாசாரம் எல்லாருக்கும் மருந்து இல்லை. ஆறில் ஒரு பங்கு திரளாத கூட்டத்துக்கு அது தானாக இடம் கொடுக்காது. நீலகிரிப் பழங்குடிகளையே எடுங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர் எல்லாரும் சேர்ந்து 2011 கணக்கில் சுமார் 33 ஆயிரம் பேர். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும். இவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும்.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் உடனடி ஆபத்து இன்னொன்று. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011-ல் 7,35,394. கூடவில்லை, குறைந்திருக்கிறது. மாநில மக்கள்தொகையை 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. நம் மூன்று தொகுதிகளுக்குத் தலா இரண்டரை லட்சம்கூட இல்லை. தலையை மட்டும் எண்ணினால் மூன்றாவது தொகுதியில் பாதிக்கு மேல் கீழே இறங்கிவிடும். உத்தரகண்டில் 2008-ல் அதுதான் நடந்தது. மலை மாவட்டங்களின் தொகுதிகள் குறைந்து சமவெளியில் கூடின.

பனியன் கம்பெனி, திருப்பூர்:

குறைந்ததற்குக் காரணம் நாங்கள்தான். இலை விலை கட்டுப்படியாகவில்லை, இறங்கி வந்துவிட்டோம். ஓட்டு இன்னும் ஊரில்தான். தேர்தல் நாளில் சம்பளத்தோடு லீவு சட்டப்படி உண்டு, ஆனால் முந்தின நாள் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கோத்தகிரி பஸ்ஸில் இடம் பிடித்துப் போய்த் திரும்புவது எல்லாருக்கும் முடியாது. எங்கள் தோட்டங்களில் இப்போது வேலை செய்கிற ஜார்க்கண்ட் ஆட்களுக்கும் இதே நிலை, அவர்கள் ஓட்டு ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம். 2023-ல் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் என்று ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது, பல கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த முறையில் எண்ணினாலும், போட முடியாத ஓட்டை யாரும் எண்ணப்போவதில்லை. இதையும் உங்கள் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு வாத்தியார், கோத்தகிரி:

தம்பி சொன்னது முக்கியம். இன்னொன்றும் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, அப்புறம் தனி அலுவலர்களைப் போட்டார்கள். 2016-லிருந்து 2019 வரையிலும் அப்படித்தான். நகராட்சித் தலைவரை 2011-ல் நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம், 2022-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். விதியை ஆளுங்கட்சி நினைத்தபடி மாற்றுகிற வரைக்கும் எந்த முறையும் நிலைக்காது. டெல்லிக்கு எழுதுவதற்கு முன்னால் சென்னைக்கு எழுத வேண்டியதும் இருக்கிறது.

பந்தலூர் அம்மணி, உன் சித்தி விஷயம் என்னை யோசிக்க வைத்தது. உள்ளாட்சித் தேர்தலில் முதலில் 1, 2, 3 முறையைப் பரீட்சை செய்து பார்க்கலாம். வார்டு சின்னது, வேட்பாளர் தெரிந்த முகம். தவறு வந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

தேயிலைக்காரன், குன்னூர்:

வாத்தியார் சார் சொன்னபடி உள்ளாட்சியில் தொடங்குவதை நானும் ஏற்கிறேன். ஆனால் மறுவரையறை அதற்காகக் காத்திருக்காது. வக்கீல் சார், அதில் நாம் செய்யக்கூடியது என்ன?

கறுப்பு அங்கி, உதகை:

இதுவரை நடந்த முறைப்படி, மறுவரையறை ஆணையம் முதலில் வரைவை வெளியிடும், ஆட்சேபம் சொல்ல நாள் குறிக்கும், பொது அமர்வு நடத்தும். எம்.பி., எம்.எல்.ஏ.க்களில் சிலர் துணை உறுப்பினராக இருப்பார்கள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது. இறுதி ஆணை வந்துவிட்டால் அதை அசைப்பது மிகக் கடினம். ஆகவே வரைவு வருகிற அன்று நம் கையில் மனு தயாராக இருக்க வேண்டும்.

பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள் உண்டு. 2002 மறுவரையறைச் சட்டத்திலேயே நிலத்தின் இயல்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் சௌகரியம் நான்கையும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டாவது, 2022-ல் ஜம்மு காஷ்மீர் மறுவரையறையில் மாவட்டங்களை மலை, மலையும் சமவெளியும் கலந்தது, சமவெளி என்று மூன்றாகப் பிரித்து, சராசரியிலிருந்து பத்து விழுக்காடு வரை கூடக் குறைய இருக்கலாம் என்று வைத்தார்கள். அங்கே செய்ததை இங்கே கேட்கலாம். பத்து விழுக்காடு நீலகிரிக்கு முழுதாகப் போதாது, அதனால் மலை மாவட்டத்துக்கு இருபதுக்கு மேல் கேட்போம்.

தேயிலைக்காரன், குன்னூர்:

சரி. மனுவை நான் எழுதத் தொடங்குகிறேன். முதல் கோரிக்கை, மலை மாவட்டத்துக்கு மக்கள்தொகையில் விலக்கு. நீலகிரியில் மூன்று தொகுதி குறையக் கூடாது, கொடைக்கானல் வட்டத்தை மையமாக வைத்து ஒரு தொகுதி. இரண்டாவது, உள்ளாட்சியில் விருப்ப வரிசை, தேர்தல் காலம் தவறாமல். மூன்றாவது, மக்களவைக்குப் பல உறுப்பினர் தொகுதி. இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், ஆணையத்தால் முடியாது, அதனால் தனி மனுவாக எம்.பி.க்களுக்குப் போகட்டும். வெளியூரில் இருப்பவர் ஓட்டு நான்காவது.

சாவடிவாரியான முடிவு படிவம் 20-ல் இருக்கிறது. 2009-லிருந்து நீலகிரிக்கு ஆறு தொகுதியையும் தனித்தனியாகக் கூட்டி, மலை எப்படிப் போட்டது, கீழே எப்படிப் போட்டார்கள் என்று ஓர் அட்டவணை போட ஆள் வேண்டும்.

மேட்டுப்பாளையத்தான்:

மேட்டுப்பாளையம், பவானிசாகர், அவினாசி மூன்றையும் நான் கூட்டித் தருகிறேன். ஒரு நிபந்தனை: மனுவில் பவானி ஆறு ஒரு பத்தி வர வேண்டும்.

தேயிலைக்காரன், குன்னூர்:

கண்டிப்பாக வரும். அந்தப் பத்தியை நீங்களே எழுதுங்கள்.

கீழ்மலைக் காப்பி:

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒவ்வோர் ஊரிலிருந்தும் பழனிக்குப் போய்வர எத்தனை பஸ், எத்தனை மணி நேரம், என்ன செலவு என்று நான் எழுதி அனுப்புகிறேன். சட்டத்தில் போக்குவரத்து வசதி என்று இருக்கிறதே, அதற்கு அதுதான் ஆதாரம். மேல்மலைக்கு யாராவது பொறுப்பெடுங்கள், மன்னவனூர், பூம்பாறைக்காரர்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள்.